புகைக் குழாயின் சாட்சி

என் பழைய கார் பெட்ரோலை மடமடவென்று குடித்துக் கறுப்புப் புகை கக்கிற்று. ஆக்ஸிஜன் சென்ஸார்மேல் பழி போட்டு, இரண்டு தடவை புதிது மாட்டினார்கள். பணம் போயிற்று, புகை போகவில்லை.

இந்தச் சென்ஸார் பிறந்த கதை சுவாரசியமானது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கண்ணைக் கரித்த மூட்டத்துக்கு மோட்டார்ப் புகையே மூலம் என்று 1950-களில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி காட்டினார். கலிபோர்னியா சட்டத்தைக் கடுமையாக்கியது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. இந்த அளவு தவறினால் புகையைச் சுத்தம் செய்யும் கருவி திணறும். அளவைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டாமா? 1976-ல் பாஷ் கம்பெனியின் சென்ஸாரோடு வால்வோ கார்கள் வந்தன. உள்ளே ஸிர்கோனியா என்ற பீங்கான். சூடேறியதும், வெளிக்காற்றுக்கும் புகைக்கும் உள்ள ஆக்ஸிஜன் வித்தியாசத்தை மின்சாரமாகச் சொல்லும். பெட்ரோல் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1.

பாவம், அதற்குப் பெட்ரோலைத் தெரியாது, ஆக்ஸிஜனைத்தான் தெரியும்!

கடைசியில் ஒரு கிழ மெக்கானிக், ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பிக் காது கொடுத்தார். 'டிக் டிக்' என்றது. சென்ஸாருக்கு முன்னால், புகைக் குழாயின் இணைப்பில் சிறு ஓட்டை. அதன் வழியே காற்று புக, சென்ஸார் 'பெட்ரோல் போதாது' என்றிருக்கிறது. அதை நம்பிக் கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றியிருக்கிறது.

காஸ்கெட்டை மாற்றிவிட்டு, முதலில் கழற்றிப் போட்ட பழைய சென்ஸாரையே கேட்டு வாங்கி மாட்டினார். இன்றும் அதுதான் வண்டியில் இருக்கிறது.