ஆலை முதலாளிகளின் வழக்கறிஞர்: ஒரு வரலாற்று நோக்கு

தொழிலாளர் இயக்க வரலாற்றை எழுதுவோர் சங்கத் தலைவர்களைப் போற்றுவர். ஆலை முதலாளிகளைச் சாடுவர். முதலாளிக்கு அருகில் அமர்ந்து, சட்டம் இன்னது என எடுத்துரைத்த வழக்கறிஞரை எவரும் நினைப்பதில்லை. அவர்தம் பணி எவ்வாறு மாறி வந்தது என்பதைச் சென்னையில் நிகழ்ந்த ஒரு வழக்கைக் கொண்டு ஆராய்வது பயனுடைத்து.

1918 ஏப்ரல் 27 ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. செல்வபதி செட்டியார், இராமானுசலு நாயுடு ஆகியோர் முயற்சியால் பெரம்பூரில் உருவான அச்சங்கத்திற்குப் பி. பி. வாடியா தலைவரானார். பம்பாய்ப் பார்சி குடும்பத்தினரான அவர், அடையாற்றில் அன்னி பெசண்ட் அம்மையாருடன் தொண்டாற்றியவர். திரு.வி.க. அவர்கள் சங்கத்திற்கு உற்ற துணையாக நின்றார். அக்காலத்து நிகழ்ச்சிகளைத் தம் 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் பதிந்தும் வைத்தார். பின்னி நிறுவனத்தின் மேலாண்மையில் இயங்கிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களே சங்கத்தின் உயிர்நாடி.

1920 ஆம் ஆண்டின் இறுதியில் பக்கிங்காம் ஆலையில் பூசல் மூண்டது, ஆலை கதவடைக்கப்பட்டது. நிறுவனத்தார் நீதிமன்றத்தை நாடினர். தொழிற்சங்கத்திற்கென அன்று இந்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆதலின் அவர்தம் வழக்கறிஞர்கள் இங்கிலாந்துப் பொதுச் சட்டத்தின் துணையைக் கொண்டனர். ஒப்பந்தத்தை முறிக்குமாறு மூன்றாமவர் தூண்டுவது தீங்கென்று 1853 இல் அங்கு ஒரு தீர்ப்பு எழுந்திருந்தது. அது ஓர் இசையரங்கில் பாட ஒப்புக்கொண்ட பாடகியை வேறொருவர் தம் அரங்கிற்கு இழுத்துக்கொண்ட வழக்கு! பாடகிக்காகப் பிறந்த அவ்விதி பஞ்சாலைத் தொழிலாளர் மீது பாய்ந்தது. வேலையொப்பந்தத்தை முறிக்கத் தூண்டினர் என்று வாடியா மீதும் பிறர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடையாணை வழங்கிற்று. முடிவில் சமரசம் ஏற்பட்டது. வாடியா தொழிலாளர் இயக்கத்தினின்று விலக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அவரும் விலகினார்.

வழக்கறிஞர்களுக்கு இது வெற்றியே. ஆயினும் ஆலையில் அமைதி பிறந்ததா? இல்லை. 1921 ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கிய வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீடித்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. தடையாணையால் ஒரு தலைவரை விலக்க முடிந்ததேயன்றித் தொழிலாளர் மனக்குறையை விலக்க முடியவில்லை.

வழக்கின் மற்றொரு விளைவு இதனினும் பெரிது. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென 1921 மார்ச்சு மாதத்தில் என். எம். ஜோசி மைய சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்தார். அதன் வழியே 1926 இல் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. தொழில் தகராறில், வேலையொப்பந்தத்தை முறிக்கத் தூண்டினர் என்னும் காரணம் ஒன்றை மட்டும் காட்டிப் பதிவுபெற்ற சங்கத்தின் மீதோ அதன் நிருவாகிகள், உறுப்பினர்கள் மீதோ உரிமை வழக்குத் தொடர இயலாது என்றது அதன் 18 ஆம் பிரிவு. வாடியாவை வீழ்த்திய ஆயுதம் எதுவோ, அதுவே முதலாளிகளின் கையினின்று பறிக்கப்பட்டது.

இங்கிலாந்திலும் முன்னரே இவ்வாறு நிகழ்ந்திருந்தது. வேல்சு நாட்டின் டாஃப் வேல் இருப்புப்பாதை நிறுவனம், வேலைநிறுத்த இழப்பிற்காகச் சங்கத்தின் மீது வழக்காடி 1901 இல் பிரபுக்கள் அவையில் வென்றது. 23,000 பவுன் இழப்பீடும் பெற்றது. ஐந்தே ஆண்டுகளில், 1906 இல், நாடாளுமன்றம் தொழில் தகராறுகள் சட்டம் இயற்றி அத்தீர்ப்பின் பயனை இல்லாமற் செய்தது. இச்செய்தியை அறிந்திருந்தும் சென்னையில் அதே வழியில் சென்றதுதான் வியப்பு.

விடுதலைக்குப் பின் வழக்கறிஞரின் பணியிடமே மாறிற்று. 1947 ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், சமரச நடவடிக்கைகளில் வழக்கறிஞர் தோன்றுவதைத் தடுத்தது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் தீர்ப்பாயத்திலும் எதிர்த்தரப்பின் இசைவும் மன்றத்தின் அனுமதியும் இருந்தால் மட்டுமே அச்சட்டப்படி அவர் வாதிட இயன்றது. ஆகவே முதலாளியின் வழக்கறிஞர் மன்றத்தில் முழங்குவதைக் குறைத்து, அலுவலகத்தில் அறிவுரை கூறுபவரானார். 1946 ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலையாணைகளை வரைதல், குற்றச்சாட்டுக் குறிப்பாணையைத் தெளிவுற எழுதுதல், விசாரணையில் தொழிலாளி தன் பக்கத்தை எடுத்துரைக்க வாய்ப்பளிக்கச் செய்தல், ஆட்குறைப்பின்போது ஒரு மாத முன்னறிவிப்பும் ஆண்டொன்றுக்குப் பதினைந்து நாள் சராசரி ஊதியமும் வழங்கச் சொல்லுதல் ஆகியன அவர் கடமைகளாயின. பணிநீக்கம் மிகையான தண்டனையா என ஆராய்ந்து அதனை மாற்றும் அதிகாரத்தை 1971 இல் சேர்க்கப்பட்ட 11-அ பிரிவு மன்றங்களுக்கு அளித்தபின், சினத்தில் ஓர் ஊழியரை நீக்க விரும்பும் முதலாளியைப் பொறுத்திருக்கச் சொல்வதும் அவர் தொழிலாயிற்று.

தொழிற்சங்கம், நிலையாணை, தொழில் தகராறு பற்றிய மூன்று சட்டங்களையும் ஒன்றாக்கித் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தை 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பிரிவுகளின் எண்கள் மாறலாம். அறிவுரை கூறுவோரின் பொறுப்பு மாறாது. நம் குடும்பங்களிலும் சட்டம் பயிலும் இளைஞர் உளர்; பத்துப் பேருக்கு வேலையளிக்கும் கடையோ பள்ளியோ நடத்துவோரும் உளர். ஊதியம் கொடுப்பவரின் பக்கம் நின்றவாறே, "இது சட்டப்படி செல்லும், ஆயினும் செய்யவேண்டா" என்று துணிந்து உரைக்கும் வழக்கறிஞர் ஒருவர் 1920 இல் பின்னி நிறுவனத்தாருக்கு வாய்த்து, அவர் சொல்லை அவர்களும் கேட்டிருந்தால், பெரம்பூரின் வரலாறு வேறாக அமைந்திருக்கக்கூடும்.