தகரக் குவளையும் கண்ணாடிக் கோப்பையும்

மலாய் மொழியில் 'ஸ்தெங்கா' என்றால் பாதி என்பது பொருள். இந்நாட்டை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமார் அச்சொல்லை எடுத்து, விஸ்கியும் சோடாவும் கலந்த தங்கள் மாலைப் பானத்திற்குப் பெயராக இட்டுக்கொண்டனர். பொழுது சாய்ந்ததும் கிளப்பின் தாழ்வாரத்தில் பிரம்பு நாற்காலியில் அமர்ந்து ஸ்தெங்கா அருந்துவது மலாயாவில் துரைத்தனத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதே பொழுதில், தோட்டத்தின் மறுகோடியில், வேலை முடிந்த தமிழன் தகரக் குவளையை ஏந்திக் கள்ளுக்கடை முன் நின்றான். முன்னதற்கு நாகரிகம் என்று பெயர். பின்னதற்குக் குடி என்று பெயர். இவ்விரு பெயர்களும் எவ்வாறு உண்டாயின என்று விசாரிப்பதே நம் நோக்கமாகும்.

விசாரிக்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டமொன்றில் கிராணி உத்தியோகம் பார்க்கும் நம்மை, அண்மையில் நண்பர் ஒருவர் ஸ்காத்லாந்து விஸ்கியைச் சுவைக்கப் பழக்க முற்பட்டார். வாய் குறுகிய கோப்பையில் சிறிது வார்த்து, முதலில் நிறத்தைப் பார், பிறகு மணத்தை முகர், இரண்டு துளி நீர் விட்டு மீண்டும் முகர், அதன் பின்னரே நாவில் வை என்றார். புகை மணம் எங்கிருந்து வருகிறது, பீப்பாயின் இனிப்பு எவ்வாறு ஏறுகிறது என்றெல்லாம் விளக்கினார். நாமும் ஆவலோடு கேட்டோம். வீடு திரும்பும் வழியில்தான் ஓர் எண்ணம் உறுத்தியது. நம் பாட்டனார் கள்ளுக்கடைக்குப் போனவர் என்பதை ஆங்கிலப் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாமல் மறைத்து வளர்ந்தவர்கள் நாம். அந்த நாமே இன்று கோப்பையை முகரக் கற்றதைப் பெருமையாக நினைத்தோம் அல்லவா?

விஸ்கியின் பூர்வோத்தரத்தைப் பார்ப்போம். 1494-ஆம் ஆண்டின் ஸ்காத்லாந்து அரசாங்கக் கணக்கேட்டில், ஜான் கோர் என்னும் துறவிக்கு 'உயிர்நீர்' வடிப்பதற்காக முளைகட்டிய வாற்கோதுமை அளிக்கப்பட்டது என்ற குறிப்பு உள்ளது. ஸ்காத்லாந்து விஸ்கியைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு அதுவே. விஸ்கி என்ற சொல்லும் அம்மலைநாட்டாரின் கேலிக் மொழியில் உயிர்நீர் என்று பொருள்படும் தொடரின் சிதைவேயாகும். சதுப்பு நிலத்தில் வெட்டி உலர்த்திய கரிமண்ணை எரித்து முளைத் தானியத்தைக் காய வைத்ததனால் புகை மணம் ஏறிற்று. விறகு அரிதான நாட்டில் கிடைத்ததைக் கொண்டு எரித்தனர், அவ்வளவே. இன்று சீமான்கள் வியந்து பேசும் அம்மணம் ஏழைகளின் அடுப்பிலிருந்து வந்தது.

மேலும், நெடுங்காலம் அது கள்ளச் சாராயமாகவே இருந்தது. வரிக்குப் பயந்த குடியானவர்கள் மலையிடுக்குகளில் மறைந்து வடித்தனர். 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, சட்ட விரோதமாக வடிக்கப்பட்ட கிளென்லிவெட் சரக்கையே விரும்பிக் கேட்டார் என்று எலிசபெத் கிராண்ட் என்னும் சீமாட்டி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். மறு ஆண்டே, 1823-ல், குறைந்த கட்டணத்தில் உரிமம் பெற்று வடிக்க வழி செய்யும் சட்டம் பிறந்தது. 1824-ல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் கிளென்லிவெட்டில் உரிமம் பெற்றார். கள்ளத்தனமாக வடித்து வந்த அண்டையயலார் சினத்துக்கு அஞ்சி இடுப்பில் கைத்துப்பாக்கி செருகி நடமாடினார். பின்னர் வந்த சட்டங்கள் ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும் என்றும், புட்டியில் 40 சதவீதச் சாராயச் சத்து இருக்க வேண்டும் என்றும் விதித்தன. குடியானவனின் கள்ளச் சரக்கு கனவானின் கோப்பை ஏறிய கதை இதுதான்.

இனி நம் கள்ளின் கதை. தென்னம்பாளையிலிருந்து இறக்கிய சாறு தானே புளித்துக் கள்ளாகிறது. அதன் சாராயச் சத்து விஸ்கியில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான். அன்றே குடிக்க வேண்டும், மறுநாள் காடியாகிவிடும். கேமரன் மலையின் குளிரில் தென்னை செழிப்பதில்லை. ஆகையால் கள்ளின் சரித்திரத்தைச் சமவெளி ரப்பர் தோட்டங்களில்தான் தேட வேண்டும். அங்கே தோட்ட நிருவாகமே உரிமம் பெற்றுக் கள்ளுக்கடை நடத்திற்று. கடையை மூடினால் தொழிலாளி நஞ்சான சம்சுவைத் தேடிப் போவான் என்று நியாயமும் கூறிற்று. 1930-களின் மந்தகாலத்தில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசுக்கும் கீழே இறங்கியது. அந்தக் கூலியையும் கொடுத்த கையே மாலையில் திரும்ப வாங்கிக்கொண்டது! தாய்நாட்டில் 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்துவிட்டது. கடல் கடந்து வந்த தமிழனுக்கோ லயத்தின் அருகிலேயே கடை திறந்திருந்தது.

தொழிலாளி இதை உணராமல் இல்லை. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வு கேட்டவர்கள் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டனர். துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டிய இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கள்ளும் இழிவும் ஒரே விலங்கின் இரு கண்ணிகள் என்பதைப் படிப்பில்லாத அத்தோழர்கள் கண்டுகொண்டார்கள். அவ்வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது, தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும் போர் ஓயவில்லை. 1946, 1947 ஆண்டுகளில் கெடாவில் ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தனர். போலீசாரின் தடியடிக்கு அஞ்சாமல் பெண்களும் முன்வந்தனர். குடியினால் காலியாகும் அடுப்பைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் யார்?

கிராணிமார் முன் வண்டியை விட்டு இறங்கிய வழக்கத்தைப் படித்தபோது நம் தலை தாழ்ந்தது. நம் உத்தியோகத்தின் மூதாதையர் அன்று எந்தப் பக்கம் நின்றனர்? பெரும்பாலான துரைமார் கிளப்புகள் அவர்களை உறுப்பினராக ஏற்றதில்லை. இருந்தும் அவர்கள் கள்ளுக்கடையை இகழ்ந்து கிளப்பின் கோப்பையை ஏக்கத்தோடு நோக்கினர். அந்த ஏக்கமே பரம்பரைச் சொத்தாக நம் நாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அப்படியானால் கள் உயர்ந்தது, விஸ்கி தாழ்ந்தது என்று சொல்ல வருகிறோமா? இல்லை. நாளெல்லாம் வெயிலிலும் மழையிலும் உழைத்துப் பசித்த வயிற்றோடு நிற்பவன் நிறத்தையும் மணத்தையும் ஆராய்வானா? சுவை அறிய ஓய்வு வேண்டும்; நிறைந்த வயிறு வேண்டும்; நாளைய கவலை இல்லாத மனம் வேண்டும். இம்மூன்றும் உடையவன் அருந்தினால் இரசனை என்கிறோம். இம்மூன்றும் மறுக்கப்பட்டவன் மறதிக்காகக் குடித்தால் ஒழுக்கக்கேடு என்கிறோம். இந்தத் தராசு இன்றும் மாறவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரங்களில் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் அயல்நாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர். நம் பாட்டனார் இருந்த இடத்தில் இன்று அவர்கள் இருக்கிறார்கள்.

தோழர்களே! விஸ்கியின் வரலாற்றைக் கற்பதில் பிழை இல்லை. எல்லா அறிவும் அறிவே. ஆனால் கோப்பையை முகரக் கற்பவன் குவளையின் சரித்திரத்தையும் கற்கக் கடமைப்பட்டவன். நண்பர் நமக்குச் சொல்லித் தந்தது பாதிப் பாடம், ஸ்தெங்காதான். மறுபாதியைக் கிள்ளானிலும் கெடாவிலும் நம்மவர் எழுதி வைத்திருக்கின்றனர். அதைப் படித்த பிறகு, பாட்டனார் எங்கே போனார் என்று யாரேனும் கேட்டால், கள்ளுக்கடைக்கு என்று சொல்ல நமக்கு வெட்கமில்லை. அந்தக் கடையைத் தோட்டத்துக்குள் வைத்தவர்களே வெட்கப்படட்டும்.