கடவு

‘கட’ என்னும் வினையோடு ‘வு’ சேர்ந்து பிறந்த பெயர் கடவு. அள, அளவு ஆனதைப் போல. வழி என்பதே பொருள். இலங்கையில் தண்டவாளத்தைக் கடக்கும் இடம் இன்றும் புகையிரதக் கடவை. தமிழ்நாட்டிலோ கடவு என்னும் சொல் பெரும்பாலும் கடவுச்சீட்டில் ஒட்டிக்கொண்டுதான் பிழைக்கிறது. வழி முன்பே இருந்தது, சீட்டு பின்னால் வந்தது என்பதை அந்தக் கூட்டே காட்டும். வழி முழுதாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசத்தின் தகாகிராமைப் பாருங்கள்: சுற்றிலும் இந்திய மண், தாய்நாட்டோடு இணைப்பு தீன் பிகா என்னும் சிறு நிலத்துண்டு. 1992இல் திறந்தபோது பகலில் குறித்த நேரங்களில்தான் நடக்க முடிந்தது. 24 மணி நேரமும் திறந்தது 2011இல்தான். அதுவரை அம்மக்களுக்குக் கிடைத்தது அரைக் கடவு.

நம் ஊரிலும் வழிக்குச் சீட்டு வந்திருக்கிறது: உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். உள்ளூர் வாகனங்களுக்கு விலக்கு உண்டு. ‘பாஸ் என்றாலே எல்லோருக்கும் புரிகிறதே, கடவு எதற்கு?’ என்று கேட்கலாம். வத்தலக்குண்டு மலைப்பாதையில் வார இறுதியில் நெரியும் வண்டிகளை எண்ண அந்தச் சொல் போதும்தான். ஆனால் சுற்றுலாப் பயணி பெறுவது அனுமதி. அந்த மலையிலுள்ள பூம்பாறைக் கிராமத்துக்காரர் வீடு திரும்புவது உரிமை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் உரிமை சலுகையாகத் தெரியும். முன்னதைச் சீட்டு என்றும் பின்னதைக் கடவு என்றும் பிரித்தே சொல்ல வேண்டும்.