17 வயதுப் பையனை லாக்கப்பில் வைக்கலாமா? சிறார் நீதிச் சட்டம் சொல்வது என்ன?

1994-ல் புனேயில் நடந்த கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஒருவரை, 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. காரணம், சம்பவத்தின்போது அவருக்கு வயது பன்னிரண்டரை. அந்த வயதுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 3 ஆண்டுகள். அவர் சிறையில் இருந்ததோ 28 ஆண்டுகளுக்கும் மேல்!

இது ஒரே ஒரு கேஸ் இல்லை. 2016 முதல் 2021 வரை குறைந்தது 9,681 சிறார்கள் பெரியவர்களுக்கான சிறைகளில் தவறாக அடைக்கப்பட்டிருந்ததாக, ஆர்டிஐ மூலம் ஐபுரோபோனோ அமைப்பு திரட்டிய தரவு சொல்கிறது. அதாவது, ஆண்டுக்குச் சராசரியாக 1,600-க்கு மேல்.

போலீஸ் பிடித்தால் என்ன நடக்கணும்?

18 வயது ஆகாதவரை லாக்கப்பிலோ ஜெயிலிலோ வைக்கவே கூடாது. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் முன்பு நிறுத்த வேண்டும். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள் கொண்டது இந்தக் குழுமம்.

ஜாமீன் கிடைக்குமா?

எந்தக் குற்றமானாலும் ஜாமீன்தான் பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர நேரும், சிறாருக்கே ஆபத்து, நீதி கெடும் என்றால் மட்டும் மறுக்கலாம். அப்போதும் அனுப்ப வேண்டிய இடம் கூர்நோக்கு இல்லம்.

16 வயதைத் தாண்டியிருந்தால்?

குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு அல்லது அதற்கு மேல் உள்ள கொடுங்குற்றம் என்றால், பெரியவரைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் மதிப்பிடும். அப்படி விசாரித்தாலும் 21 வயது வரை ஜெயில் கிடையாது. தூக்கும், விடுதலைக்கே வழியில்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது.

வயதை எப்படி நிரூபிப்பது?

இந்தப் பாதுகாப்பு எல்லாமே வயதை நம்பித்தான் நிற்கிறது. முதலில் பள்ளி அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. சட்டத்தின் இந்தப் பட்டியலில் ஆதார் இல்லை.

இதை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், இறுதித் தீர்ப்புக்குப் பிறகும் எழுப்பலாம். ஆனால், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்தப் பையன் ஜெயிலில் கழிக்கும் நாள்.

தெரிந்த வீட்டுப் பையன் யாராவது சிக்கினால், வக்கீலுக்கு போன் போடும்போதே பள்ளிச் சான்றிதழையும் தேடி எடுத்து வையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லையா? மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். இலவச சட்ட உதவி சிறாரின் உரிமை.