கடனட்டைப் புள்ளிகள்: வீட்டுக்கு வருவது எவ்வளவு, வீட்டிலிருந்து போவது எவ்வளவு?

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை திருகோணமலை நகரின் சுப்பர் மார்க்கெட் ஒன்றுக்குள் நுழைந்து பாருங்கள். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வந்த குடும்பங்கள் பால்மா, அரிசி, சவர்க்காரம் நிரம்பிய கூடைகளோடு வரிசையில் நிற்கும். காசாளரை நெருங்க நெருங்க ஒரே கேள்விதான் காதில் விழும்: "உங்கட கார்டுக்கு இண்டைக்குக் கழிவு இருக்கா?" இருக்கிறது என்று சொன்னவரின் அட்டையில் ராத்தாவின் பில்லும் மச்சானின் பில்லும் சேர்ந்து போகும். கழிவும் புள்ளிகளும் அட்டைக்காரருக்கு. காசு பிறகு கையில் கொடுக்கப்படும். சில வேளை கொடுக்கப்படாமலும் போகும்.

கடனட்டை ஒரு தனி மனிதரின் பெயரில் வந்தாலும் எமது ஊர்களில் அதைப் பாவிப்பது முழுக் குடும்பம். ஆனால் அதன் கணக்கை ஒரு குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. புள்ளிகளை எப்படிக் கூட்டுவது என்று சொல்லித்தர வங்கி முகவர்கள் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்கு அது இலாபம், எந்த வீட்டுக்கு நட்டம் என்பதை நாம்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில், இந்தப் புள்ளிகளுக்கான பணம் எங்கிருந்து வருகிறது? நீங்கள் கடையில் அட்டையைத் தட்டும்போது கடைக்காரருக்கு முழுத் தொகையும் போய்ச் சேர்வதில்லை. நூற்றுக்கு இரண்டு, மூன்று ரூபா அளவில் வங்கிகளும் விசா, மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்புகளும் எடுத்துக்கொள்கின்றன. அதிலிருந்து ஒரு சிறு பங்கு புள்ளியாகவோ கேஷ்பேக்காகவோ உங்களுக்குத் திரும்பி வருகிறது. வருடாந்தக் கட்டணமும் இந்த வியாபாரத்துக்குள் சேரும். அதைவிடப் பெரிய வரவு, பில்லை முழுமையாகக் கட்டாமல் அடுத்த மாதத்துக்குத் தள்ளுபவர்களின் வட்டி. நேரத்துக்குக் கட்டும் வீடு புள்ளியை எடுத்துக்கொள்கிறது, கட்ட முடியாத வீடு அதற்கும் சேர்த்துக் கொடுக்கிறது என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். நூறு ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் பெறுமதி ஒரு ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தாராளமான கணக்கு. பல அட்டைகளில் இதைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். மாதம் 40,000 ரூபா அட்டையில் செலவிடும் வீட்டுக்கு 400 ரூபா வருகிறது, ஆண்டுக்கு 4,800 ரூபா. வருடாந்தக் கட்டணத்தைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். இனி மறுபக்கம். ஆண்டுக்கு 28 சதவீத வட்டியில் ஒரு இலட்சம் ரூபாவை ஒரேயொரு மாதம் கட்டாமல் விட்டால் ஏறத்தாழ 2,333 ரூபா போகிறது. கிட்டத்தட்ட ஆறு மாதப் புள்ளிகள் முப்பது நாளில் கரைந்துவிட்டன. தாமதக் கட்டணத்தை இன்னும் சேர்க்கவில்லை.

அந்த 28 என்ற எண் நானாகப் போட்டதல்ல. 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு ஆண்டுக்கு 18 சதவீதம் என்று உச்ச வரம்பு விதித்திருந்தது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022 ஏப்ரலில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் பல வங்கிகளின் கடனட்டை வட்டி 36 சதவீதம் வரை ஏறியது. எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற அதே நாட்களில், 18 சதவீதத்தை நம்பி வாங்கிய கடன் இரு மடங்கு வட்டியில் நின்றது. 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மீண்டும் தலையிட்டு, கடனட்டைக்கு 28, முன்கூட்டியே ஏற்பாடு செய்த தற்காலிக மேலதிகப் பற்றுக்கு 23, நகை அடகுக்கு 18 சதவீதம் என உச்ச வரம்புகளை அறிவித்தது. அந்த அறிவித்தலின்படி அடகுக் கடையைவிடக் கடனட்டைக்குப் பத்துச் சதவீதம் கூடுதலாக அறவிடலாம். நகையை அடகு வைக்கத் தயங்கும் வீடுகள் அட்டையைத் தட்டத் தயங்குவதில்லை என்பது எனக்கு இன்றும் புதிராகவே இருக்கிறது.

அட்டை எடுக்கலாமா?

எமது வாசகர்கள் பலருக்கு இதுதான் முதல் கேள்வி. 2000 செப்டெம்பரில் ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தனது 108ஆம் இலக்கத் தீர்மானத்தில் இதை நேரடியாக எடுத்துப் பேசியது. கணக்கில் பணம் இல்லாமல் கடனாக வழங்கப்படும் அட்டையின் ஒப்பந்தத்தில், தாமதித்தால் வட்டி என்ற நிபந்தனை இருந்தால் அந்த அட்டையை வழங்குவதும் எடுப்பதும் கூடாது. சலுகைக் காலத்துக்குள் கட்டிவிடும் எண்ணம் இருந்தாலும் கூடாது என்பது அதன் முடிவு. அப்படிப்பட்ட அட்டையில் தங்கம், வெள்ளி வாங்குவதையும் அது தடுத்தது. கல்யாண மாதங்களில் நகைக் கடைகள் கடனட்டைத் தவணைத் திட்டங்களை விளம்பரப்படுத்தும்போது பலர் இதைக் கவனிப்பதில்லை. 2004 மார்ச்சில் மஸ்கட்டில் கூடியபோது, சொந்தக் கணக்கில் உள்ள பணத்திலிருந்து கழிக்கப்படும் அட்டைகளை, தாமத வட்டி நிபந்தனை இல்லாதவரை அது அனுமதித்தது. மார்க்கம் தடுக்காத விலைக்கழிவு, சேவையில் முன்னுரிமை போன்ற சலுகைகளிலும் குற்றமில்லை என்றது.

வேறு கருத்துள்ள அறிஞர்களும் உண்டு. தவிர்க்க முடியாத தேவை இருந்து, தவணைக்கு முன் முழுமையாகக் கட்டுவது உறுதியென்றால் பாவிக்கலாம் என்று சொல்வோர் இருக்கிறார்கள். நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை. உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்கும்போது "கடனட்டை கூடுமா?" என்று மொட்டையாகக் கேட்காமல், ஒப்பந்தத் தாளைக் கையில் கொண்டுபோய் வட்டி நிபந்தனை எழுதியுள்ள பந்தியைக் காட்டிக் கேளுங்கள். பதில் தெளிவாக வரும். அந்தத் தாளை நீங்களும் முதல் தடவையாக வாசித்ததாக இருக்கும்!

வட்டி ஒப்பந்தத்துக்குள் போக விரும்பாத குடும்பங்களுக்குச் சலுகைகள் முற்றாக மூடிவிடவில்லை. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்ட பின் இலங்கையில் இஸ்லாமிய வங்கி முறைக்கு வழி திறந்தது. 2011இல் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வணிக வங்கியாகத் தொடங்கியது. வேறு சில வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் இஸ்லாமியப் பிரிவுகள் உள்ளன. டெபிட் அட்டைகளுக்கும் சுப்பர் மார்க்கெட், மருந்தகம், ஆடையகம் என விலைக்கழிவுகள் அறிவிக்கப்படுகின்றன. கடனட்டைக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் கணக்கில் இல்லாத காசு செலவாகாது. வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வராத வீட்டுக்கு இதுவே பெரிய சலுகை.

கடலும் வயலும் சம்பளமும்

துறைமுகத்தைச் சுற்றியுள்ள மா ஆலையிலோ சீமெந்துத் தொழிற்சாலையிலோ வேலை செய்பவருக்கும், பாடசாலை ஆசிரியருக்கும், மாதத்தின் குறித்த நாளில் சம்பளம் வருகிறது. மீன்பிடியை நம்பிய வீடு அப்படியல்ல. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வள்ளம் கரையில் கிடக்கும். நிலாவெளியிலும் உப்புவெளியிலும் உல்லாசப் பயணிகளை நம்பி ஓடும் முச்சக்கர வண்டிக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் நல்ல காலம். பெரும்போக அறுவடை முடிந்த பிறகுதான் வயல்காரரின் கையில் காசு. வங்கியின் பில் இவற்றில் எதையும் பார்க்காது. ஒவ்வொரு மாதமும் வரும்.

ஆகவே பருவ வருமானமுள்ள வீட்டில் கடனட்டையைப் புள்ளிக்காக எடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். ஓகஸ்டில் சேர்த்த புள்ளிகளை டிசம்பரின் வட்டி சாப்பிட்டுவிடும். இத்தகைய வீடுகளுக்கு ஊர்க் கடையின் கொப்பி இருக்கிறது. அதில் புள்ளி இல்லை, ஆனால் வட்டியும் இல்லை. கடல் திறந்ததும் கட்டலாம் என்று கடைக்காரர் காத்திருக்கிறார். சுப்பர் மார்க்கெட்டின் கழிவுக்காக அந்தக் கடையைக் கைவிட்டவர்கள், கஷ்ட காலத்தில் அங்கே திரும்பிப் போக வெட்கப்படுவதை நான் கண்டிருக்கிறேன்.

மாதச் சம்பளம் உள்ள வீடு, மார்க்க ரீதியான கேள்வியையும் தீர்த்துக்கொண்டு அட்டை வைத்திருந்தால், திகதிகளைக் கவனிக்க வேண்டும். ஸ்டேட்மென்ட் தயாராகும் நாள் ஒன்று, பணம் கட்ட வேண்டிய கடைசி நாள் இன்னொன்று. இரண்டுக்கும் இடையில் பொதுவாக மூன்று வாரங்கள் அளவில் இருக்கும். சம்பளம் 25ஆம் திகதி வருகிறது, கட்ட வேண்டிய நாள் 20ஆம் திகதி என்றால் ஒவ்வொரு மாதமும் மூச்சுத் திணறும். பில் திகதியை மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். கேட்டால் மாற்றித்தரும் வங்கிகள் உண்டு. கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகவே கழியும்படி எழுதிக் கொடுக்கலாம். அந்தப் படிவத்தில் "குறைந்தபட்சத் தொகை" என்ற கட்டத்தில் அடையாளமிட்டால் வலியப் போய் வட்டிக்குள் விழுகிறீர்கள்.

இன்னொரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. 60,000 ரூபா பில்லில் 55,000 கட்டிவிட்டால் மீதி 5,000 ரூபாவுக்கு மட்டும் வட்டி என்று நினைக்கிறார்கள். பொதுவான நடைமுறை அதுவல்ல. முழுமையாகக் கட்டாவிட்டால் சலுகைக் காலமே இல்லாமல் போய், பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி கணக்கிடப்படும். அடுத்த மாதம் வாங்கும் பொருட்களுக்கும் வாங்கிய அன்றே வட்டி ஓடத் தொடங்கும். கடனட்டையால் ஏரிஎம்மில் காசு எடுத்தால் சலுகைக் காலம் என்ற பேச்சே இல்லை, கட்டணமும் தனி.

ஒரே வீட்டில் இரண்டு அட்டைகள்

கணவனும் மனைவியும் வெவ்வேறு வங்கிகளில் அட்டை எடுத்தால் புள்ளிகள் இரண்டு இடத்தில் சிதறும். இரண்டுமே பயன்படும் அளவுக்குச் சேராமல் காலாவதியாகிவிடும். இரண்டு வருடாந்தக் கட்டணம் வேறு. ஒருவர் பிரதான அட்டையையும் மற்றவர் அதே கணக்கின் துணை அட்டையையும் வைத்திருந்தால் புள்ளிகள் ஓரிடத்தில் சேரும், பில்லும் ஒன்றுதான். உம்ராப் பயணத்துக்காகப் புள்ளிகளை விமான மைல்களாக மாற்ற நினைக்கும் குடும்பங்களுக்கு இது உதவும். மைல்களில் டிக்கட் எடுத்தாலும் வரிகளும் கட்டணங்களும் காசாகவே கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

துணை அட்டையில் யார் செலவிட்டாலும் கடன் பிரதான அட்டைக்காரருடையது. அதைக் கட்டத் தவறினால் 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தில், நாம் கிரிப் என்று சொல்லும் இடத்தில், பதிவாவதும் அவர் பெயர்தான். பிறகு வீடு கட்டவோ லீசிங்கில் வாகனம் எடுக்கவோ போகும்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். மகனுக்கோ மச்சினனுக்கோ அட்டையை இரவல் கொடுக்கும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கடைகளில் நடக்கும் ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். "கார்ட் என்றால் மூன்று வீதம் கூட" என்கிறார்கள். அட்டைக் கட்டணத்தை வாடிக்கையாளரின் தலையில் கட்டுவதற்குக் கடைக்காரருக்கு அனுமதியில்லை என்பதை மத்திய வங்கி பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. அட்டையை வழங்கிய வங்கியிடம் முறையிடலாம். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். முறையிட மனமில்லாவிட்டால் காசாகக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒரு வீதப் புள்ளிக்காக மூன்று வீதம் கொடுப்பது எந்தக் கணக்கிலும் சரிவராது. வட்டியில்லாத் தவணை என்று சொல்லும் இடங்களிலும் கையாளும் கட்டணம் எவ்வளவு, கைக்காசுக்கு என்ன விலை என்ற இரண்டையும் கேட்ட பிறகே முடிவெடுங்கள். வெளிநாட்டு இணையத்தளங்களில் வாங்கும்போது நாணய மாற்றுக் கட்டணமும் முத்திரை வரியும் சேர்வதால் புள்ளி அங்கேயே அடிபட்டுப் போகும்.

எமது ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன் ஓர் அறிவிப்புச் செய்வார்கள்: மரணித்தவர் யாருக்காவது கடன் கொடுக்க வேண்டியிருந்தால் குடும்பத்தாரிடம் தெரிவிக்கும்படி. ஊர்க் கடைக்காரர் வருவார், நண்பர் வருவார். வங்கி அந்த ஸஃப்பில் நிற்பதில்லை. வாப்பாவுக்கு அட்டை இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாமல், மாதங்கள் கழித்துக் கடிதம் வரும்போது வட்டியோடு சேர்ந்து தெரியவரும். வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கிடும் முன் தீர்க்க வேண்டியது கடன். பங்கிட்ட பிறகு கடிதம் வந்தால் யார் கட்டுவது என்று வீட்டுக்குள் பேச்சு முற்றும். சில அட்டைகளில் மரணத்தின்போது நிலுவையை ஈடுசெய்யும் ஏற்பாடு இருக்கும், ஆனால் அதற்கும் குடும்பம் உரிய நேரத்தில் அறிவிக்க வேண்டும். எந்த வங்கி, அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள் என்ன, பில் எந்தத் திகதியில் வரும், தொலைந்தால் எந்த இலக்கத்துக்கு அழைக்க வேண்டும் என்பதை எழுதி, காணி உறுதி இருக்கும் அதே பைலுக்குள் இன்றைக்கே வைத்துவிடுங்கள். இரகசிய இலக்கத்தை மட்டும் எழுத வேண்டாம்.