மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஹார்மோன் சிகிச்சை: பக்கவிளைவுகளைக் கையாளுதல்

ஹார்மோன் ஏற்பிகள் உள்ள மார்பகப் புற்றுநோய்க்கு, அறுவைச் சிகிச்சை முதலியவை முடிந்த பின் நாள்தோறும் ஒரு மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது. டாமோக்சிஃபென், லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் ஆகியவை பரவலாக வழங்கப்படுபவை. பெயர் ஹார்மோன் சிகிச்சை என்றிருப்பினும், இவை உடலுக்கு ஹார்மோனைத் தருவதில்லை. ஈஸ்ட்ரோஜன் புற்றணுக்களைத் தூண்டாமல் தடுக்கின்றன. சிகிச்சை பொதுவாக 5 ஆண்டுகளும், சிலருக்கு 10 ஆண்டுகள் வரையிலும் தொடரும். 5 ஆண்டுகள் டாமோக்சிஃபென் உட்கொள்வது, இந்நோயால் நேரும் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது.

மாத்திரையை வீட்டில் உட்கொள்வதால், நிறுத்திவிட்டாலும் பிறருக்குத் தெரிவதில்லை. தொல்லை தாளாமல் எவரிடமும் கூறாது நிறுத்திவிடுவதே அஞ்சத்தக்கது. மருந்தை மாற்றவும் தொல்லையைத் தணிக்கவும் வழிகள் உள்ளன. ஆனால் நீங்கள் கூறினால்தான் மருத்துவர் அறிவார்.

திடீர் வெப்ப உணர்வு

மார்பில் தொடங்கிக் கழுத்து, முகம் வரை பரவும் வெப்பமும் அதைத் தொடரும் வியர்வையும் சில நிமிடங்களில் அடங்கும். கோடையில் இதனை வெயிலின் விளைவு என்று பலர் எண்ணிவிடுகின்றனர். பருத்தி ஆடை அணியுங்கள். காரமும் சூடான காபி, தேநீரும் தூண்டுகின்றனவா என்று கவனியுங்கள். உறக்கம் கெடுமளவு இருந்தால் அதற்கு மருந்து உண்டு. ஆனால் மனச்சோர்வுக்குத் தரப்படும் பராக்சிடின், ஃபுளூவாக்சிடின் ஆகியவை டாமோக்சிஃபெனின் செயலைக் குறைக்கக்கூடும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் இம்மாத்திரை உட்கொள்வதை முதலில் கூறுங்கள்.

“உடல் சூடு” தணிய லேகியம் தருவது நம் வீடுகளில் வழக்கம். தண்ணீர்விட்டான் கிழங்கு போன்றவற்றில் ஈஸ்ட்ரோஜனை ஒத்த பொருட்கள் இருக்கக்கூடும். புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் அவற்றை உட்கொள்ள வேண்டாம்.

மூட்டு வலியும் எலும்பும்

லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் உட்கொள்வோருக்குக் காலையில் விரல்களும் முழங்கால்களும் இறுகும். ஓய்வெடுத்தால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள். முறையான நடையும் தசைப் பயிற்சியும் இவ்வலியைக் குறைக்கின்றன. வாரத்திற்கு 150 நிமிடம் இலக்கு. 10 நிமிடத்தில் தொடங்கலாம். வலி நீடித்தால் வேறு மாத்திரைக்கு மாற்ற இயலும். இவ்வகை மாத்திரைகள் எலும்பையும் மெலிவிப்பதால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

கூறத் தயங்குபவை

பிறப்புறுப்பு வறட்சியும் உறவின்போது வலியும் பொதுவானவை. ஹார்மோன் இல்லாத, நீர் சார்ந்த வழவழப்புக் களிம்புகள் உதவும். ஈஸ்ட்ரோஜன் களிம்பை நீங்களாக வாங்க வேண்டாம். கணவரும் இப்பகுதியைப் படிப்பது நன்று. டாமோக்சிஃபென் கருவுக்குத் தீங்கு விளைவிக்கும். மாதவிடாய் தவறினாலும் கருத்தரிக்க வாய்ப்புண்டு என்பதால், காப்பர்-டி போன்ற ஹார்மோனற்ற கருத்தடை முறையைக் கேட்டுப் பெறுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

டாமோக்சிஃபென் உட்கொள்கையில், மாதவிடாய் நின்ற பின் சிறிதளவு உதிரப்போக்கு ஏற்பட்டாலும் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம், வலி தோன்றினால் அது இரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.

திருநின்றவூர் பகுதியினர் மாத்திரை வாங்க, சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்குப் புறநகர் ரயிலில் சென்று திரும்ப ஒரு நாள் கூலியை இழக்க நேரிடலாம். மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே செல்லுங்கள்; தொல்லைகளைத் தேதியுடன் குறித்துக்கொண்டு செல்லுங்கள். இடையில் ஐயம் எழுந்தால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.