சுரக்குறிகளுக்கு இரு பெயர் வந்த வரலாறு



மேனாட்டு இசையை ஏட்டில் எழுதுங்கால், ஒரு சுரம் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதை அதன் குறியின் வடிவமே உணர்த்தும். காம்பில்லாத வெள்ளை வட்டம் நான்கு எண்ணிக்கை ஒலிக்குமானால், காம்புள்ள வெள்ளைக் குறி இரண்டும், காம்புள்ள கருங்குறி ஒன்றும், அக்காம்பில் ஒரு கொடி சேர்ந்தால் அரையும் ஒலிக்கும். இக்குறிகள் இலண்டனிலும் நியூயார்க்கிலும் ஒன்றே. பெயர்கள் மட்டும் வேறு. ஆங்கிலேயர் இவற்றை முறையே செமிபிரீவ், மினிம், குரோச்செட், குவேவர் என்பர். அமெரிக்கரோ ஹோல் நோட், ஹாஃப் நோட், குவார்ட்டர் நோட், எய்த் நோட் என்பர். அதாவது முழுக்குறி, அரைக்குறி, கால்குறி, அரைக்கால்குறி. ஒரே மொழி பேசும் இரு நாட்டாரிடையே இவ்வேற்றுமை எவ்வாறு தோன்றியது?

ஆங்கிலப் பெயர்களின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொலோன் நகரத்துப் பிராங்கோ என்பார் கால அளவுள்ள இசையைக் குறித்து ஒரு நூல் இயற்றினார். அதில் லோங்கா, பிரெவிஸ், செமிபிரெவிஸ் என்னும் குறிகள் வரையறுக்கப்பட்டன. லோங்கா என்பது நெடியது. பிரெவிஸ் என்பது குறியது. செமிபிரெவிஸ் குறியதனினும் குறியது. நம் இலக்கணத்தில் நெடிலுக்கு இரண்டு மாத்திரை. பிராங்கோவின் நிறைவுபெற்ற நெடிலுக்கோ மூன்று குறில். 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பிலிப் தெ வித்ரி முதலியோர் வளர்த்த 'புதுக்கலை' என்னும் முறையில் மினிமா இடம் பெற்றது. மினிமா என்றால் மிகச் சிறியது என்று பொருள்.

மிகச் சிறியதோடு கலைஞர் நின்றுவிடவில்லை. அதனையும் பிளந்து மேலும் சிறிய குறிகளைப் படைத்தனர். சிறிய சுரங்கள் தெளிவாக ஒலிக்க வேண்டுமானால் பெரியவற்றின் நடை தளர்ந்தாக வேண்டும். தலைமுறைதோறும் இவ்வாறு நேர்ந்தமையால், பழைய குறிகள் வரவர நீண்டன. லோங்கா வழக்கொழிந்தது, பிரீவும் அருகியது. குறியதனினும் குறியது என்று பெயர் பெற்ற செமிபிரீவே இன்று பொதுவழக்கில் உள்ள குறிகளுள் நீண்டது!

குரோச்செட் என்பதன் வரலாறும் இத்தகையதே. பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்னும் பொருளுள்ள சொல்லிலிருந்து அது வந்தது. முற்காலத்தில் அக்குறி கொக்கியோடு எழுதப்பட்டது. பின்னர்க் கொக்கி உதிர்ந்தது. ஆங்கிலத்தில் பெயர் மட்டும் நிலைத்தது. பிரெஞ்சுக்காரரோ கொக்கியுள்ள குறியையே இன்றும் 'குரோஷ்' என்பர். அது ஆங்கிலேயரின் குவேவர். குவேவர் என்பது குரலை நடுக்கிப் பாடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். 1597-இல் தாமஸ் மார்லி வெளியிட்ட இசைப் பாடநூலில் இந்நான்கு பெயர்களையும் காணலாம்.

அமெரிக்காவில் குடியேறிய ஆங்கிலேயரும் முதலில் இப்பெயர்களையே வழங்கினர். 1770-இல் பாஸ்டனில் வில்லியம் பில்லிங்ஸ் வெளியிட்ட பாடல் நூலின் காலத்திலும் அவையே வழக்கில் இருந்தன. 19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. 1838-இல் பாஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் இசை ஒரு பாடமாயிற்று. 1848-இல் ஐரோப்பாவில் நிகழ்ந்த புரட்சிகளுக்குப் பின் ஜெர்மானியர் பெருந்தொகையினராய் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுள் இசைவாணரும் இசையாசிரியரும் பலர். ஜெர்மனியில் பிறந்து, சிறு வயதில் 1845-இல் அமெரிக்கா வந்த தியோடர் தாமஸ் 1891-இல் சிகாகோ இசைக்குழுவின் முதல் நடத்துநரானார். ஜெர்மானியர் சுரக்குறிகளை முழுமை, அரை, கால் என்று பின்னங்களால் அழைப்பவர். அப்பெயர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பே அமெரிக்காவில் வேரூன்றியது.

இவ்விரண்டனுள் எது சிறந்தது? பல்லாண்டு கரும்பலகையின் முன் நின்றவன் என்ற முறையில், முதற்பார்வைக்கு அமெரிக்க முறையே எளிது என்பேன். வீசக்குறி என்றால் பதினாறில் ஒன்று என்பது சிறுவனுக்கும் விளங்கும். ஆங்கிலேயர் அறுபத்துநான்கில் ஒரு பங்கை ஹெமிடெமிசெமிகுவேவர் என்பர். கிரேக்கம், பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மும்மொழிகளிலும் 'பாதி' என்னும் சொல்லை எடுத்து அடுக்கிய பெயர் அது!

ஆயினும் எளிமையிலும் ஓர் இடர் உண்டு. முழுக்குறி என்றால் எதன் முழுமை? நான்கு கால்குறிகள் கொண்ட தாளப்பகுதியில் அது முழுமை. மூன்று கால்குறிகளே கொண்ட வால்ட்ஸ் நடனத் தாளத்தில் முழுக்குறி ஒரு பகுதிக்குள் அடங்காது. புள்ளியிட்ட அரைக்குறியே அப்பகுதியை நிரப்பும். ஆதலால் பின்னப் பெயரைக் கற்பவனும் 'எதனுள் பாதி?' என்று கேட்டே தீர வேண்டும்.

இலண்டனிலிருந்து நடத்தப்பெறும் இசைத் தேர்வுகளை நம் நாட்டில் எழுதும் மாணவர்கள் ஆங்கிலப் பெயர்களைப் பயில்கின்றனர். அமெரிக்கப் பாடநூலைத் திறந்ததும் திகைக்கின்றனர். அவர்களுக்கு நான் கூறுவது இது: இரு வரிசைகளையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று அளவைக் கற்பிக்கும். மற்றொன்று அவ்வளவு நடந்து வந்த வழியைக் கற்பிக்கும். பொருந்தாத பெயர் ஒன்றைக் காணும்போது நகைத்து ஒதுக்காமல், அது எக்காலத்தில் பொருந்தியிருந்தது என்று கேளுங்கள். இசைக்கு மட்டுமன்றி, நீங்கள் பயிலும் எல்லாக் கலைகளுக்கும் அக்கேள்வி பயன்படும்.